கண் படுவது என்றால் மூளைக்குள் என்ன நடக்கிறது?

2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. பஸ்ஸில் பெண் பயணிகளை முறைத்துப் பார்ப்பது, கண்ணடிப்பது, விசிலடிப்பது, ஆபாசமாகச் சைகை காட்டுவது போன்றவற்றைச் செய்யும் ஆணை நடத்துநர் இறக்கிவிடலாம், காவல் நிலையத்தில் ஒப்படைக்கலாம் என்றது அது. விசிலும் சைகையும் யாருக்கும் குழப்பம் தரவில்லை. அந்தப் பட்டியலில் இருந்த 'முறைத்துப் பார்ப்பது' மட்டும் இன்றுவரை விவாதத்தைக் கிளப்புகிறது.

"அவன் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான் என்றால்?" என்று ஒருவர் கேட்பார். "பார்க்கப்படுகிறவளுக்குத் தெரியாதா?" என்று இன்னொருவர் திருப்பிக் கேட்பார். இரண்டு கேள்விக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம்: ஒருவர் நம்மைப் பார்க்கிறார் என்பது நமக்கு எப்படித் தெரிகிறது? அந்தத் தெரிதலை எவ்வளவு தூரம் நம்பலாம்? இதில் சட்டத்தைவிட மூளைக்குத்தான் வேலை அதிகம். அடிப்படையிலிருந்தே வருவோம்.

முதலில், பார்வை எந்தப் பக்கம் போகிறது?

பொருளில் பட்டுத் திரும்பும் ஒளி கண்ணுக்குள் வருகிறது, விழித்திரையில் விழுகிறது. கண்ணிலிருந்து வெளியே எதுவும் போவதில்லை. பள்ளிக்கூடப் பாடம்தான் இது. ஆனால் மனிதர்கள் இதை ஒப்புக்கொள்ள ரொம்ப காலம் ஆனது. பிளேட்டோ, யூக்ளிட், தாலமி எல்லோரும் கண்ணிலிருந்து ஏதோ ஒன்று புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுகிறது என்றே எழுதினார்கள். நம் நாட்டு நியாய தத்துவ மரபும் கண்ணின் ஒளிக்கதிர் வெளியே சென்று பொருளைத் தொட்டால்தான் காட்சி என்றது. 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்ன் அல் ஹைதம் என்ற அரபு அறிஞர்தான், ஒளி உள்ளே வருகிறது என்பதை விரிவாக வாதிட்டு நிறுவினார்.

அறிவியல் திருந்திவிட்டது, பேச்சு திருந்தவில்லை. 'பார்வை பட்டது', 'பார்வையை வீசினான்', 'கண்ணாலேயே துளைத்துவிட்டாள்', 'கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது'. எல்லாவற்றிலும் பார்வை புறப்பட்டு வந்து மோதுகிற பொருள். இது வெறும் பேச்சுப் பழக்கம் என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஒதுக்க வேண்டாம், பின்னால் தேவைப்படும்.

குன்றிமணி சொல்லும் ரகசியம்

விநாயகர் சதுர்த்திக்கு முந்தின நாள் மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் போனால் ஒன்றைப் பார்க்கலாம். ஈரக் களிமண்ணை அச்சில் அழுத்தி எடுத்து, தும்பிக்கை, தொந்தி எல்லாம் சரியாக விழுந்த பிள்ளையார் பலகையில் இருப்பார். அதுவரை அது மண்தான். விற்பவர் இரண்டு குன்றிமணியை எடுத்து, கறுப்புப் புள்ளி வெளியே தெரியும்படி முகத்தில் அழுத்துவார். அந்த நொடியில் பிள்ளையார் உங்களைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். விரல் கொஞ்சம் தவறி ஒரு மணி சாய்வாகப் பதிந்துவிட்டால், அவர் உங்களை விட்டுவிட்டுப் பக்கத்துக் கடையைப் பார்ப்பார். வாங்குகிறவர்கள் அதைக் கையில் எடுத்த உடனே கண்டுபிடித்து, "இது வேண்டாம், வேற குடுங்க" என்பார்கள்.

இங்கே வேலை செய்வது நிற வேறுபாடு. சிவப்பில் ஒரு கறுப்பு. நம் கண்ணில் வெள்ளையில் ஒரு கறுப்பு. 1997-இல் கோபயாஷி, கோஷிமா என்ற இரு ஜப்பானிய ஆய்வாளர்கள் குரங்கினங்களின் கண்களையும் மனிதக் கண்ணையும் ஒப்பிட்டார்கள். பெரும்பாலான இனங்களில் கருவிழியைச் சுற்றிய பகுதி பழுப்பாகவோ கறுப்பாகவோ இருந்தது. எங்கே பார்க்கிறது என்று எட்ட நின்று சொல்வது கடினம். மனிதக் கண்ணில் வெள்ளை பளிச்சென்று, அதிகப் பரப்பில், பக்கவாட்டில் நீண்டு தெரிந்தது. மனிதர்கள் கூடி வேலை செய்யப் பழகியதால், எங்கே பார்க்கிறோம் என்பதை மறைப்பதைவிடக் காட்டுவது லாபமாக இருந்தது என்று ஒரு விளக்கம் இதிலிருந்து வளர்ந்தது. அண்மை ஆண்டுகளில் இதில் சர்ச்சையும் உண்டு: சில சிம்பன்சிகளுக்கும் வெளிர் நிறக் கண் இருக்கிறது, மனிதருக்கு மட்டுமே உரியது என்று சொல்ல முடியாது என்கிறார்கள். விளக்கம் எதுவானாலும், வெள்ளைக்கு நடுவே கருவிழி இருக்கும் இடத்தை வைத்துத்தான் நாம் பார்வையைப் படிக்கிறோம் என்பதில் மாற்றமில்லை.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

எதிர் சீட்டில் இருப்பவர் சட்டென்று தலைநிமிர்ந்து உங்களைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஒரு நொடிக்குள் நடப்பதைப் பிரித்துச் சொன்னால் இப்படி வரும். (வரிசை எண் போட்டாலும் இவை ஒன்றன்பின் ஒன்றாகக் கியூவில் நிற்பதில்லை. ஒன்றின் மேல் ஒன்றாக ஓடுகின்றன.)

1. முகம் என்று அடையாளம் காண்பது. தலையில் மின்முனை பொருத்தி, மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுத்தால், முகத்தைக் காட்டிய சுமார் 170 மில்லி நொடியில் தனியான ஓர் அலை எழுவது தெரியும். முழு முகம்கூட வேண்டாம். கண்களை மட்டும் வெட்டிக் காட்டினாலும் இந்த அலை வலுவாக எழுகிறது. இமை ஒருமுறை மூடித் திறக்கும் நேரம்தான் இது.

2. பார்வையின் திசையைக் கணக்கிடுவது. காதுக்கு மேலே, மூளையின் பக்கவாட்டுப் பகுதியான பொட்டுமடலின் மேற்புறத்தில் நீளமாக ஒரு பள்ளம் ஓடுகிறது. 1985-இல் ஸ்காட்லாந்தில் பெரெட் குழுவினர் மக்காக் குரங்குகளில் இந்தப் பகுதியின் நரம்பணுக்களைத் தனித்தனியாகக் கவனித்தார்கள். எதிரில் உள்ள முகம் நேராகப் பார்த்தால் துடிக்கும் அணுக்கள் சில, பக்கவாட்டில் பார்த்தால் துடிப்பவை சில. மனிதர்களில் ஹாஃப்மன், ஹாக்ஸ்பி 2000-இல் ஸ்கேன் மூலம் காட்டியது இன்னும் சுவையானது: 'இது யார்?' என்று பார்க்கும்போது மூளையின் அடிப்பக்கத்து முகப்பகுதியும், 'எங்கே பார்க்கிறார்?' என்று பார்க்கும்போது இந்தப் பள்ளமும் கூடுதலாக வேலை செய்கின்றன. ஆளை அடையாளம் காண்பதும் பார்வையைப் படிப்பதும் ஓரளவு தனித்தனி இலாகாக்கள்.

3. இது முக்கியமா என்று மணி அடிப்பது. இந்த வேலையில் அமிக்டலாவுக்குப் பங்கு உண்டு. பாதாம் பருப்பு அளவில், மூளையின் ஆழத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இருப்பது. பயத்தில் விரிந்த கண்ணின் வெள்ளையை மட்டும், 17 மில்லி நொடி மட்டும் காட்டி மறைத்தார்கள். பார்த்தவர்களுக்கு என்ன பார்த்தோம் என்றே தெரியவில்லை. அமிக்டலா மட்டும் கிளர்ந்தது. 2004-இல் வேலன் குழுவினர் செய்த சோதனை இது. 2013-இல் இன்னொரு குழு, மூளையின் பார்வைப் பகுதி சேதமாகிப் பார்வையிழந்த ஒருவரைச் சோதித்தது. அவரால் முகத்தைக் காண முடியாது. ஆனாலும் தன்னை நேராகப் பார்க்கும் முகத்துக்கும் விலகிப் பார்க்கும் முகத்துக்கும் அவருடைய அமிக்டலா வேறுவிதமாகப் பதில் சொன்னது.

4. உடம்பு தயாராவது. உள்ளங்கையில் மெல்லிய வியர்வை, இதயத் துடிப்பில் மாற்றம். பின்லாந்தில் ஹீட்டனென் குழுவினர் பல ஆண்டுகளாக இதை அளந்துவருகிறார்கள். படத்தில் இருக்கும் முகம் நேராகப் பார்த்தால் இந்த விளைவு அவ்வளவாக இல்லை. நேரில் உயிருள்ள ஆள் பார்த்தால்தான் வருகிறது. 2015-இல் அதே குழு இன்னும் ஒரு படி போனது. எதிரே இருப்பவர் நடுவில் உள்ள கண்ணாடித் தடுப்பு வழியாக உங்களைப் பார்க்க முடியும் என்று ஒருமுறையும், முடியாது என்று ஒருமுறையும் நம்பவைத்தார்கள். கண்ணில் விழும் காட்சி இரண்டு முறையும் ஒன்றுதான். பார்க்க முடியாது என்று நம்பியபோது உடம்பின் பதில் அடங்கிவிட்டது.

நான்காவதைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். மூளைக்குக் கண் என்ற உருவம் மட்டும் போதவில்லை. 'அவருக்கு நான் தெரிகிறேன்' என்ற கணக்கும் சேர வேண்டியிருக்கிறது. மவுண்ட் ரோடு சிக்னலில் முப்பது அடி உயரத் தலைவர் பேனர் உங்களையே பார்க்கும். நீங்கள் சாவகாசமாக மூக்கைக் குடைவீர்கள். பக்கத்து ஆட்டோவில் ஒரு குழந்தை திரும்பிப் பார்த்தால் கையை எடுத்துவிடுவீர்கள்.

இவை எல்லாம் வளர்ந்து பழகிய பின் வருபவையும் அல்ல. பிறந்து 2 முதல் 5 நாளே ஆன குழந்தைகள்கூட, விலகிப் பார்க்கும் முகத்தைவிடத் தங்களை நேராகப் பார்க்கும் முகத்தை அதிக நேரம் பார்த்தன என்று 2002-இல் ஃபரோனி குழுவினர் காட்டினார்கள்.

"என்னையா பார்க்கிறார்?" - ஒரு மில்லிமீட்டர் கணக்கு

இப்போது பஸ்ஸுக்கு வருவோம். 21ஜி-யில் நீங்கள் நடுவில் உட்கார்ந்திருக்கிறீர்கள். 5 மீட்டர் தள்ளி, படிக்கட்டுப் பக்கம் நிற்பவர் உங்கள் பக்கம் பார்க்கிறார். உங்களையா, உங்களுக்குப் பக்கத்தில் இருப்பவரையா?

கண்ணின் விட்டம் சுமார் 24 மில்லிமீட்டர். பார்வை 5 டிகிரி திரும்ப, கருவிழி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும். 5 மீட்டர் தூரத்தில் 5 டிகிரி என்பது சுமார் 44 சென்டிமீட்டர். பஸ் சீட்டில் ஓர் ஆளுக்கும் பக்கத்து ஆளுக்கும் உள்ள இடைவெளி. ஆக, அவர் உங்களைப் பார்ப்பதற்கும் பக்கத்து ஆளைப் பார்ப்பதற்கும் நடுவே இருப்பது அந்த ஒரு மில்லிமீட்டர். கண் மருத்துவர் '6/6, பார்வை நன்றாக இருக்கிறது' என்று எழுதித்தரும் கண்ணால், 5 மீட்டரில் பிரித்துப் பார்க்கக்கூடிய மிக நுண்ணிய இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். நகரும் பஸ், மங்கிய விளக்கு, நடுவில் தொங்கும் கைகள். பார்வைத் திறனின் விளிம்பில் நின்றுகொண்டு மூளை தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கிட்டத்தில் இருந்தாலும் கணக்கு துல்லியமாகிவிடாது. ஒரு மீட்டர் தூரத்தில், பார்வை எட்டொன்பது டிகிரி அகலத்துக்குள் எங்கே விழுந்தாலும் 'என்னைத்தான் பார்க்கிறார்' என்றே ஆட்கள் சொல்கிறார்கள். சென்டிமீட்டரில் சொன்னால் சுமார் 15. ஒரு முகத்தின் அகலம். உங்கள் காதுக்குப் பின்னால் உள்ள ஸ்டாப் பெயரைப் படிப்பவரும் இதற்குள் வந்துவிடுவார்.

தலை திரும்பியிருக்கும் விதமும் குழப்பும். 1824-இல் வில்லியம் வொல்லாஸ்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி ஒரு வேடிக்கை செய்தார். வரைந்த ஒரே ஜோடிக் கண்களை வைத்து, அதைச் சுற்றிய முகத்தை மட்டும் மாற்றினார். கண்ணில் ஒரு கோடுகூட மாறவில்லை. பார்வையின் திசை மாறிவிட்டது. நாம் கண்ணைப் படிக்கிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் கண்ணையும் மூக்கையும் தாடையையும் சேர்த்து ஒரு சராசரி போடுகிறோம்.

சரி, தெளிவில்லாதபோது மூளை எந்தப் பக்கம் சாயும்? 2013-இல் மாரெஷால், கால்டர், கிளிஃபோர்டு மூவரும் இதைச் சோதித்தார்கள். கண்களின் படத்தில் வேண்டுமென்றே புள்ளிகளைத் தூவி மங்கலாக்கினார்கள். படம் மங்க மங்க, 'என்னை நோக்கித்தான்' என்ற பதில் அதிகமானது. தகவல் குறையும்போது மூளை தன் முன்முடிவை எடுத்துவைக்கிறது, அந்த முன்முடிவு 'என்னைத்தான்'. இதில் ஒரு கணக்கு இருக்கலாம். உங்களைக் குறிவைப்பவனைக் கவனிக்காமல் விட்டால் நஷ்டம் பெரிது. ஜன்னலைப் பார்ப்பவனைத் தவறாக நினைத்தால் நஷ்டம் சிறிது. காவலுக்கு நாய் வளர்ப்பவர்கள், அது பால்காரருக்கும் குரைப்பதைப் பொறுத்துக்கொள்வதில்லையா, அந்த மாதிரி.

ஆகவே 'பெண்கள் சும்மா கற்பனை செய்துகொள்கிறார்கள்' என்று இந்த ஆய்வை யாராவது எடுத்துப் பேசினால் அது திரிபு. இந்தச் சாய்வு எல்லாருக்கும் பொதுவானது. பயத்துக்குக் காரணம் உள்ள இடத்தில் சாய்வதை மூளையின் குறை என்று நான் சொல்லமாட்டேன்.

முதுகுக்குப் பின்னால் யாரோ பார்க்கிறார்கள்

இதையும் இங்கேயே முடித்துவிடலாம். பின்னாலிருந்து யாராவது உற்றுப் பார்த்தால் பிடரியில் குறுகுறுக்கும், திரும்பினால் அவர் பார்த்துக்கொண்டிருப்பார் என்று பலரும் சத்தியம் செய்வார்கள். 1898-லேயே எட்வர்டு டிட்ச்னர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் இதை உறுதியாக நம்புவதைக் கண்டு சோதித்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. 1913-இல் கூவர் மீண்டும் சோதித்தபோது வந்த விடை ஏறக்குறைய பாதிக்குப் பாதி. அதாவது காசு சுண்டினால் வருவது.

டிட்ச்னரின் விளக்கம் எளிமையானது. பின்னால் ஆள் இருக்கும் இடத்தில் நாம் அவ்வப்போது நெளிவோம், திரும்புவோம். முன்னால் ஒரு தலை அசைந்தால் பின்னால் இருப்பவரின் கண் தானாக அங்கே போகும். நாம் திரும்பி முடிக்கும்போது அவர் நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பார். யாரும் பார்க்காமல் இருந்த நூறு தடவையை நினைவில் வைக்கமாட்டோம்.

பின்னால் இல்லாமல் பக்கவாட்டில் இருந்தால் கதை வேறு. ஓரக்கண்ணால் கருவிழியின் திசையைப் படிக்க முடியாது. நாம் பார்க்கும் புள்ளியிலிருந்து நான்கைந்து டிகிரி விலகினாலே அது போய்விடும். ஆனால் தலை திரும்பியிருக்கும் திசை வெகு ஓரம்வரை தெரியும். பக்கத்தில் ஒரு முகம் நம் பக்கம் திரும்பியே இருந்தால் மனசு உறுத்தும், திரும்பிப் பார்த்து உறுதி செய்வோம். 'உள்ளுணர்வு' என்று நாம் சொல்வதில் ஒரு பங்கு இந்தத் தலைக்கணக்குதான்.

பார்வை 'படுகிறது' என்று மூளையும் நினைக்கிறது

இப்போது முதலில் ஒதுக்க வேண்டாம் என்று சொன்ன விஷயம்.

2019-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கட்டர்ஸ்டாம், கிராசியானோ குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். திரையில் மேசை மேல் நெட்டாக நிற்கும் ஒரு காகிதக் குழாய். ஒரு பக்கம் ஒரு முகம், குழாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. குழாய் எவ்வளவு சாய்ந்தால் விழும்? அவ்வளவுதான் கேள்வி. முகத்தைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.

விடையில் ஒரு விசித்திரம் தெரிந்தது. முகத்தின் பக்கமாகச் சாயும்போது குழாய் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும் என்று ஆட்கள் கணித்தார்கள். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் சீக்கிரமே விழும் என்றார்கள். முகத்திலிருந்து மெல்லிய காற்று ஒன்று வந்து குழாயைத் தள்ளுகிறது என்ற தோரணையில். வேறுபாடு ஒரு டிகிரிக்கும் குறைவு. ஆனால் முகத்தின் கண்ணைக் கட்டியதும் அது மறைந்தது. அந்த முகம் குழாயைப் பார்க்கவில்லை, பின்னால் உள்ள சுவரைப் பார்க்கிறது என்று சொன்னபோதும் மறைந்தது. கண்ணிலிருந்து ஏதாவது வெளியே போகிறதா என்று நேரடியாகக் கேட்டால், மிகச் சிலரைத் தவிர எல்லாரும் 'இல்லை' என்றார்கள்.

அடுத்த ஆண்டு அதே குழு ஸ்கேனில் பார்த்தது. ஒருவர் ஒரு பொருளைப் பார்ப்பதைக் காணும்போது, அசைவைக் கண்டுபிடிக்கும் மூளைப் பகுதிகளில், அங்கே ஏதோ ஒன்று உண்மையிலேயே நகர்வது போன்ற தடம் இருந்தது. எதுவும் நகரவில்லை என்றாலும்.

ஏன் இப்படி ஒரு பொய்க்கணக்கு? இதற்கு அவர்கள் சொல்லும் விளக்கம்: கூட்டத்தில் யார் யாரைக் கவனிக்கிறார்கள் என்பதை ஒரே நேரத்தில் கண்காணிக்க வேண்டிய மூளை, ஒவ்வொரு பார்வையையும் அம்புக்குறிபோல ஒரு கோடாகப் போட்டுவைக்கிறது. அசைவைப் படிக்க ஏற்கெனவே உள்ள இயந்திரத்தையே இதற்கும் வாடகைக்கு எடுக்கிறது. இயற்பியலாகப் பார்த்தால் தப்பு, வேலைக்கு உதவும்.

ஓ.எம்.ஆர். பக்கம் எழும்பும் ஒவ்வொரு கட்டடத்திலும் மூன்றாவது மாடிச் சாரத்தில் ஒரு திருஷ்டி பொம்மை தொங்கும்: முட்டைக் கண், சுற்றிலும் வெள்ளை, முறுக்கு மீசை, வெளியே நீண்ட நாக்கு. கண்ணேறு என்ற சக்தி உண்டு என்பதற்கு இந்த ஆய்வு சான்று ஆகாது. அப்படி ஒரு கதிர் கிடையாது. ஆனால் 'கண் படும்' என்ற எண்ணம் ஏன் இத்தனை நாடுகளில், ஒருவரை ஒருவர் அறியாத மக்களிடம் இருக்கிறது, படித்தவர் வீட்டு வாசலிலும் ஏன் பூசணிக்காய் உடைகிறது என்பதற்கு இது ஒரு துப்பு. மூளை உள்ளுக்குள் போட்டுவைத்த கோட்டை மொழி வெளியே சொல்லிவிட்டது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். பரதநாட்டிய வகுப்பிலும் இதே 'திருஷ்டி' என்ற சொல்தான். கை போகும் இடத்துக்குக் கண் போக வேண்டும் என்று பழக்குவார்கள். கண் போனால் சபா முழுக்க அங்கே போகும் என்பது நடன ஆசிரியர்களுக்குத் தெரியும். இந்த இழுப்பைச் சோதனைக்கூடத்தில் 1998-இல் ஃப்ரீசன், கிங்ஸ்டன் அளந்தார்கள். கோட்டுச் சித்திர முகம் ஒரு பக்கம் பார்த்தால், 'இதை நம்பாதே, பயனில்லை' என்று முன்கூட்டியே சொல்லிவைத்தும், நம் கவனம் அந்தப் பக்கம் ஓடியது.

நேப்பியர் பாலத்தில் ஒருவர் கைப்பிடிச் சுவரில் குனிந்து கூவத்தைப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் டூவீலர்கள் ஓரங்கட்டுவது இதனால்தான். 1969-இல் நியூயார்க் நடைபாதையில் மில்கிராம் குழுவினர் இதையே செய்துபார்த்தார்கள். ஒரே ஓர் ஆள் மேலே அண்ணாந்து பார்த்தபோது கடந்துபோனவர்களில் பத்துக்கு நான்கு பேர் மேலே பார்த்தார்கள். 15 பேர் பார்த்தபோது 86 சதவீதம்.

வரைந்த கண் வேலை செய்யுமா?

சென்னைச் சுவர்களின் அடிப்பகுதியில் வரிசையாகச் சாமி படம் போட்ட டைல்ஸ் எதற்கு என்று வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியிருக்கும். யாரும் சிறுநீர் கழிக்காமல் இருக்க. பிள்ளையார், ஏசு, மெக்கா மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். சகோதரத்துவத்துக்கு இதைவிட நல்ல சுவர் கிடையாது.

இதற்கு அறிவியல் ஆதரவு உண்டு என்று சொல்பவர்கள் 2006-இல் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனையைக் காட்டுவார்கள். காபி அறையில் ஆளில்லாக் காசுப்பெட்டி. மேலே பூப்படம் ஒட்டிய வாரங்களைவிட, கண்களின் படம் ஒட்டிய வாரங்களில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு காசு விழுந்தது. உலகம் முழுக்கப் பரவிய செய்தி. ஆனால் இதுபோன்ற பல சோதனைகளைத் திரட்டி 2017-இல் பார்த்தபோது, கண் படம் ஆட்களைத் தாராளமாக்குகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று வந்தது. டைல்ஸ் வேலை செய்வது கண்ணாலா, சாமியாலா என்றால் சாமியால் என்றுதான் சொல்வேன். மெக்கா படத்தில் கண்ணே கிடையாது.

விலங்குகளிடம் கதை கொஞ்சம் நம்பகமானது. போட்ஸ்வானாவில் மாடுகளின் பின்புறத்தில் கண் வரைந்தார்கள். நான்கு ஆண்டுச் சோதனையில், கண் வரைந்த 683 மாடுகளில் ஒன்றைக்கூடச் சிங்கம் அடிக்கவில்லை. எதுவும் வரையாத 835-இல் 15 போயின. பெருக்கல் குறி போட்ட 543-இல் 4 போயின. பதுங்கி வேட்டையாடும் விலங்குக்கு 'என்னைப் பார்த்துவிட்டது' என்பது வேட்டை முடிந்த கணக்கு. குறி போட்டதற்கும் கொஞ்சம் பலன் இருந்ததைக் கவனியுங்கள். எல்லாப் புகழும் கண்ணுக்கு இல்லை.

இதையெல்லாம் வைத்து என்ன செய்வது?

*வகுப்பறை.* வாய்ப்பாடு ஒப்பிக்கும் பிள்ளை கூரையைப் பார்த்தால், "அங்க என்ன எழுதியிருக்கு? என் முகத்தைப் பார்த்துச் சொல்லு" என்று அதட்டுவது நம் வழக்கம். பிள்ளை செய்வதுதான் சரி. எதிரில் இருக்கும் கண் மூளையின் கவனத்தில் பெரும் பங்கைப் பிடுங்குகிறது. கடினமான கேள்விக்குப் பார்வையை விலக்கிக்கொண்டு யோசித்தால் விடை நன்றாக வருகிறது என்று கிளன்பர்க் குழுவினர் 1998-லேயே காட்டினார்கள்.

*வளரும் குழந்தை.* கண்ணைப் பார்ப்பதில்லை என்ற கவலையுடன் மருத்துவரிடம் வரும் பெற்றோர் அதிகம். பின்னாளில் ஆட்டிசம் கண்டறியப்பட்ட குழந்தைகளில், கண்ணைப் பார்க்கும் நேரம் 2 மாதத்துக்கும் 6 மாதத்துக்கும் இடையிலேயே குறையத் தொடங்கியது என்று 2013-இல் ஜோன்ஸ், கிளின் கண்டார்கள். இது கருவி வைத்து அளந்த, குழுவாகப் பார்த்த முடிவு. வீட்டில் உட்கார்ந்து மனசுக்குள் அளந்து முடிவு கட்டக்கூடாது. சந்தேகம் இருந்தால் காட்டிவிடுவது நல்லது. ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்குக் கண்ணைப் பார்ப்பது வேதனையாகவே இருக்கிறது. அலட்சியத்தால் விலகுவதில்லை, தாங்க முடியாமல் விலகுகிறார்கள். தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்பும் பழக்கத்தை உடனே விடவேண்டும்.

*மரியாதை.* பெரியவர் திட்டும்போது தலையைக் குனிந்தால் மரியாதை, நிமிர்ந்து பார்த்தால் "என்ன முறைக்கிற?" இது உலகப் பொது விதி கிடையாது. பின்லாந்து, ஜப்பான் மக்களை 2013-இல் ஒப்பிட்டார்கள். நேர்ப்பார்வைக்கு இரு நாட்டாரின் இதயத் துடிப்பும் ஒரே மாதிரி பதில் சொன்னது. அந்த முகத்தைப் பற்றிக் கேட்டபோது மட்டும் ஜப்பானியர்கள் அதை அதிகக் கோபமுள்ளதாக மதிப்பிட்டார்கள். உடம்பு ஒன்று, அர்த்தம் வேறு. வெளிநாட்டுக் கம்பெனி வீடியோ இன்டர்வியூவில் நம் பிள்ளைகள் 'தன்னம்பிக்கை இல்லை' என்று கழிக்கப்படும்போது இதை நினைவுபடுத்த வேண்டும். இன்னொரு சின்ன விஷயம்: திரையில் எதிராளியின் கண்ணைப் பார்த்தால், மேலே இருக்கும் கேமராவுக்கு நீங்கள் கீழே பார்ப்பதாகத் தெரியும். கீழே சுமார் 5 டிகிரி வரை எதிராளி கண்டுகொள்வதில்லை. லேப்டாப்பிலிருந்து இரண்டடி தள்ளி உட்கார்ந்தால் அது 5 சென்டிமீட்டர். அவர் முகம் தெரியும் கட்டத்தைக் கேமராவுக்குக் கீழே ஒட்டி நகர்த்திவைத்தால் போதும்.

*கடைசியாக அந்த பஸ்.* நடத்துநர் இடத்தில் இருந்து பார்த்தால் நிலைமை இது:

1. புகார் சொல்பவரின் உடம்பு அடைந்த கலவரம் அளக்கக்கூடிய, உண்மையான ஒன்று. 'பார்த்தால் என்ன தேய்ந்தா போவாய்?' என்பது தவறான வாதம்.

2. ஒரு தடவை பார்த்ததை வைத்து மட்டும் யாரை, எதை என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. 5 மீட்டரில் அது ஒரு மில்லிமீட்டர் விவகாரம். மூன்றாம் ஆளான நடத்துநருக்கு இன்னும் கடினம். அவருக்குத் தெரிவது பெரும்பாலும் தலையின் திசைதான்.

3. நேரம் பேசும். லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ 500 பேரிடம் நடத்தி 2016-இல் வெளியான ஆய்வில், கண்ணோடு கண் பார்ப்பது சராசரியாக 3.3 நொடிவரை இதமாக இருந்தது. ஒன்பது நொடிக்கு மேல் விரும்பியவர் யாரும் இல்லை. அது லண்டன், அதுவும் திரையில் தெரிந்த முகம். அப்படியே மெட்ரோவின் எதிரெதிர் சீட்டுக்குப் பொருத்த முடியாது. ஆனால் எல்லை என்று ஒன்று இருக்கிறது, அது சில நொடிகளில்தான் இருக்கிறது என்பது புரியும்.

4. எல்லாவற்றையும்விடத் தெளிவான அடையாளம், பார்வை சந்தித்த பிறகு வருவது. ஜன்னலையோ ஸ்டாப்பையோ பார்த்தவர், உங்கள் கண் பட்டதும் சட்டென்று வேறு பக்கம் திரும்பிவிடுவார். கொஞ்சம் கூச்சப்படவும் செய்வார். பார்க்கிறீர்கள் என்று தெரிந்த பிறகும் விலகாதவர், நீங்கள் சீட் மாறியபின் தலையையும் கூடவே திருப்பிக்கொள்பவர் வேறு ரகம். கருவிழி ஒரு மில்லிமீட்டர் நகர்வது தூரத்தில் தெரியாது. ஒரு தலை சீட் விட்டு சீட் தொடர்வது டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கும் நடத்துநருக்கும், பக்கத்தில் நிற்கும் பத்துப் பேருக்கும் நன்றாகவே தெரியும்.